காணாத மருத்துவரும் கண்ட ஆசிரியரும்

கல்லூரியொன்றின் விழா மலரிலே அக்கல்லூரியில் வென்றோரின் பெயர்கள் நிரல்பட நிற்றல் இயல்பு. பரிசில் பெற்றோர், பல்கலைக்கழகம் புகுந்தோர், துடுப்பாட்டத்திலே பெயர் நாட்டினோர், உயர்பதவி வகித்தோர் ஆகியோரை நினைவுகூர்தல் முறையுமாகும். யான் ஈண்டு எழுதப் புகுந்ததோ, அந்நிரலிற் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு சாராரைப் பற்றி. கடைசி வாங்கில் இருந்து யன்னலையே நோக்கிக்கொண்டிருந்தவர், வாயாற் சொல்ல வல்லதைத் தாளில் எழுத மாட்டாதவர், விளையாட்டிற் சேராது மரத்தடியில் தனித்து நின்றவர் என இத்தகையோரை நம்முள் அறியாதார் இலர். இவர்களுட் சிலர் இன்று முப்பது, நாற்பது வயதினராய், "எனக்கு மட்டும் ஏன் இவ்வாறு?" என்று வினவிக்கொண்டு, கணினித் திரையின் முன் அமர்ந்து, எங்கோ இருக்கும் உளவியலாளர் ஒருவரிடம் விடை தேடுகின்றனர். அவ்விடை கிடைப்பதற்கு அவர்களை ஒருகாலத்திற் கற்பித்த நம்போன்றோரின் சொல்லும் வேண்டப்படுகின்றது. அஃது எவ்வாறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மாந்தரின் மூளை யாவும் ஒரே வார்ப்பில் அமைந்தன அல்ல. பிறரோடு பழகுதலிலும், ஒலி, ஒளி முதலியவற்றை உணர்தலிலும் வேறுபட்டு நிற்பது ஓட்டிசம் எனப்படும். கவனத்தை ஒன்றில் நிறுத்தலும், உடலை ஓரிடத்தில் இருத்தலும், தொடங்கியதை முடித்தலும் அரிதாயிருப்பது கவனக்குறை மிகையியக்கம். அறிவு நன்கு அமைந்திருந்தும் எழுத்தைக் கூட்டி வாசித்தல் இயலாமை வாசிப்பிடர். இவை சோம்பலாலோ, பெற்றாரின் வளர்ப்புக் குறையாலோ வருவன அல்ல. மூளை வளரும் வகையிலேயே அமைவன. இத்தகையோரை நரம்பியல் வேறுபாடுடையோர் என இக்காலத்தார் வழங்குவர். ஒருவரிடத்து அவ்வேறுபாடு உண்டோ, உண்டாயின் அவருக்கு எளியன எவை, அரியன எவை என ஆராய்வது மதிப்பீடு. அறிந்தபின் அவர் தம் வாழ்வை அமைத்துக்கொள்ளுமாறு உடனிருந்து உரையாடுவது உளவளத்துணை. இவ்விரண்டையும் ஓரிடத்திற் கூடாது, தொலைபேசி வழியாகவும் திரை வழியாகவும் செய்தலே தொலைவழி முறையாகும்.

இம்முறை நேற்றுத் தோன்றியதெனப் பலர் கருதுவர். கருவி புதிதாயினும் அதன் உயிர்நிலை பழையதே. ஓட்டிசத்தின் வரலாறே தூரத்திலிருந்து வந்த ஒரு கடிதத்துடன் தொடங்குகின்றது. 1938 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திற் பொறெஸ்ற் என்னும் சிற்றூரில் வாழ்ந்த சட்டத்தரணி ஒருவர், தம் ஐந்து வயது மகன் டொனால்டைப் பற்றிப் பால்ற்றிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானருக்குத் தட்டச்சில் 33 பக்கக் கடிதம் அனுப்பினார். மகனுக்கு இன்ன நோய் என அவர் முடிவு கூறினார் அல்லர்; தாம் கண்டதை எழுதினார். குழந்தை தனித்திருக்கையிலேயே மகிழ்வாயிருந்ததையும், சுழலும் பொருள்களிற் பெருவிருப்புக் கொண்டதையும், பாட்டுகளைப் பிழையின்றி முணுமுணுத்ததையும், கேட்ட வினாவிடைகளை நினைவிற் கொண்டதையும், அழைத்தாற் செவி கொடாமையையும் ஒன்றொன்றாய் விரித்தார். கடிதத்தை வாசித்த பின்னரே கானர் அச்சிறுவனை நேரிற் கண்டார். 1943 இல் அவர் பதினொரு சிறுவரைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் முதலாவதாக நின்றவன் இந்த டொனால்டே. ஓட்டிசம் தனியொரு நிலையென உலகம் அறிந்தது பெரிதும் அக்கட்டுரையாலாம். அதன் முதற் கல்லை எடுத்து வைத்தது, உடனிருந்து பார்த்த ஒரு தந்தையின் கை.

இனி, ஆசிரியர் ஒருவர் செய்த உதவியையும் கூறுதல் தகும். 1896 இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சீபோர்ட் என்னும் ஊரின் மருத்துவர் பிறிங்கிள் மோர்கன், பதினான்கு வயது மாணவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். பேர்சி என்னும் அம்மாணவன் ஏழு வயதுமுதல் கற்பிக்கப்பட்டு வந்தும் சிறு சொற்களையன்றி வாசிக்க மாட்டான். தன் பெயரை எழுதுகையிலும் எழுத்துகள் இடம் மாறின. மாறியதை அவன் அறிந்திலன். ஆயின் எண்களை அவன் தடையின்றி வாசித்தான். மூவிலக்க எண்களை விரைவாகவும் சரியாகவும் பெருக்கினான். அவனைப் பல்லாண்டு கற்பித்த ஆசிரியர் மருத்துவரிடம் ஒன்று கூறினார்: கல்வி முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியிற் சிறந்த மாணவன் இவனே ஆவான் என்பது அதன் கருத்து. வாசிப்பிடர் பற்றிய முதல் மருத்துவக் குறிப்புகளுள் ஒன்றாகிய அக்கட்டுரையில் இந்த ஆசிரியரின் கூற்றும் இடம்பெற்றது. மாணவன் எதை மாட்டான் என்பதோடு எதை வல்லன் என்பதையும் அவர் கண்டிருந்தார். அதனாலேயே அவர் சொல் பயன்பட்டது.

நிற்க. என் சொல் பயன்படாது போன வரலாற்றையும் யான் ஈண்டு மறைத்தல் நேர்மையன்று.

ஆசிரியப் பணி ஏற்ற தொடக்க ஆண்டுகளில் யான் வேறொரு பாடசாலையிற் கற்பித்தேன். அங்கு என்னிடம் தரம் ஏழிற் பயின்ற ஒருவர் இப்பொழுது கனடாவில் வாழ்கின்றார். சில காலத்தின் முன் ஓரிரவு அவரிடமிருந்து என் கைத்தொலைபேசிக்கு மூன்று படங்கள் வந்தன. அவருடைய தாயார் பேணி வைத்திருந்த தேர்ச்சி அறிக்கைகள் அவை. மூன்று தவணையிலும் தமிழ்ப் பாடத்துக்கு நேரே என் கையெழுத்து. முதலாவதில் "கவனமில்லை" என்றும், இரண்டாவதில் "சோம்பல் மிகுதி" என்றும், மூன்றாவதில் "முயன்றால் முடியும், முயல்வதில்லை" என்றும் எழுதியிருந்தேன். படங்களின் கீழே அவர், "சேர், குறை சொல்ல அனுப்பேல்லை. என்னைச் சோதிக்கிற உளவியலாளர் அம்மா பள்ளிக்கூட றிப்போட் கேட்டவ. உங்களோடையும் கதைக்க வேணுமாம்" என்று குறித்திருந்தார்.

பழைய அறிக்கையைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. வளர்ந்தோர் ஒருவரிடத்துக் கவனக்குறை மிகையியக்கம் உண்டென முடிவு செய்வதற்கு, அதன் அறிகுறிகள் பல பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டுமென அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தார் 2013 இல் வெளியிட்ட கைந்நூல் விதிக்கின்றது. நாற்பது வயதிற் கவனம் சிதறுதற்குக் கவலை, உறக்கமின்மை, துயரம் முதலாகப் பல காரணம் இருத்தல் கூடும். சிறுவயதிலேயே அவ்வாறிருந்தாரா என்பதே வினா. அவ்வினாவுக்குச் சான்று தாயாரின் நினைவும், பாடசாலையின் ஏடுமேயாம். நம்மவரிடத்து அவ்வேடுகள் கிடைத்தல் அரிது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், பின்னர் வன்னியில் இடம்விட்டு இடம் பெயர்ந்தவர்களும் உயிரையும் பிள்ளைகளையும் காத்தார்களேயன்றித் தேர்ச்சி அறிக்கைகளைக் காக்க இயன்றதோ? ஏடு இல்லாதவிடத்து ஆசிரியரின் நினைவே ஏடாகின்றது.

குறித்த நாளில் மூன்று இடத்தார் ஒரு திரையிற் கூடினோம். உளவியலாளரும் மாணவரும் கனடாவில் வெவ்வேறு நகரங்களில். தாயாரும் அவர் மகளும் யானும் ஊரிலே அவர்கள் வீட்டு விறாந்தையில். உளவியலாளர் ஆங்கிலத்தில் வினவ, மகளே மொழிபெயர்த்தாள். சிறுவயதிற் பகற்கனவு காண்பவரா என்பது ஒரு வினா. மகள், "அண்ணா சின்னனிலை கனவு காணுறவரோ எண்டு கேக்கினம் அம்மா" என்றாள். தாயார், "இல்லைப் பிள்ளை, அவன் நல்லா நித்திரை கொள்ளுறவன்" என்றார். மகள் அவ்விடையை அவ்வாறே ஆங்கிலத்திற் சொல்லப் புகுந்தாள். யான் இடைமறித்து, வினா உறக்கம் பற்றியதன்று, ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் மனம் வேறெங்கோ போய்விடுதல் பற்றியது என விளக்கினேன். அப்பொழுது தாயார் சிரித்து, "அதுவோ! கடைக்குத் தேங்காய்க்கு அனுப்பினால் வெறுங்கையோடை வந்து, என்னத்துக்கு அனுப்பினீங்கள் எண்டு கேப்பான்" என்றார். அந்த ஒரு விடை பத்து வினாவுக்கு ஒப்பாயிற்று. அது தவறிப்போக இருந்தது ஒரு சொல்லாலே.

பின்பு என் முறை வந்தது. "சோம்பல் என எழுதியிருக்கின்றீர்கள், அவர் செய்தது என்ன?" என்று அவ்வம்மையார் மென்மையாகக் கேட்டார். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. யான் எழுதியவை என் சினத்தின் பதிவேயன்றி அவருடைய செயலின் பதிவல்ல என்பதை அக்கணத்தில் உணர்ந்தேன். சிறிது எண்ணிப் பார்த்து, நினைவில் வந்ததைச் சொன்னேன். சொல்வதெழுதுகையில் நான்காம் சொல்லுடன் பேனா நின்றுவிடும். கதையொன்றைச் சொல்லச் சொன்னால் இறுதிவரை சுவைபடச் சொல்வார். எழுதச் சொன்னால் முதற் பந்தியுடன் நிற்கும். கொப்பியை வாரந்தோறும் எங்கேனும் விட்டு வருவார். எனினும் வகுப்புச் சுவரில் நின்றுபோன மணிக்கூட்டைக் கழற்றி ஒரு பாடவேளை முழுவதும் அசையாதிருந்து திருத்தியவரும் அவரே. அன்று அவரை யான் பாராட்டவில்லை. பாடத்தைக் கவனியாததற்காக வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தினேன். இதனையும் மறையாது சொன்னேன். திரையிலே என் பழைய மாணவர் தலை குனிந்திருந்தார். அம்மையார் யாவற்றையும் எழுதிக்கொண்டார்.

இனி, இம்முறை இன்று நடைபெறும் வகையைச் சிறிது கூறுவாம். தூரத்து நோயாளரைத் திரையிற் காணும் முயற்சி 1959 அளவிலேயே அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்து உளமருத்துவ நிலையமொன்றில் இருவழித் தொலைக்காட்சி கொண்டு தொடங்கிற்று. எனினும் ஓட்டிசத்தை மதிப்பிடுதல் நேரிலேயே நடைபெற்று வந்தது. கத்தரின் லோர்ட், மைக்கேல் றட்டர் முதலியோர் 1989 இல் அறிமுகப்படுத்திய கூர்நோக்கு முறையில், மதிப்பிடுவோர் குழந்தையோடு கூடியிருந்து விளையாடியும் உரையாடியும் அதன் பார்வை, சைகை, சொல் ஆகியவற்றை நோக்குவர். 2020 இற் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது நிலையங்கள் மூடப்பட்டன. முகக்கவசம் அணிந்து செய்தால் முகக்குறிப்பு மறைந்து அம்முறை பிழைபட்டது. அவ்விடரிலே வாண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தார் ஆக்கியிருந்த தொலைவழி முறையொன்று பரவலாயிற்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையோடு விளையாடுபவர் அங்கே மருத்துவர் அல்லர்; தாயோ தந்தையோ ஆவர். பெயர் சொல்லி அழைத்தல், பொம்மை கொடுத்தல், விருப்பமான விளையாட்டை நடுவே நிறுத்திக் காத்திருத்தல் ஆகியவற்றை மருத்துவர் திரையிலிருந்து சொல்ல, பெற்றார் செய்வர். குழந்தை கண்ணும் கையும் குரலும் இணைத்து வேண்டுகின்றதா, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கின்றதா என்பனவற்றை மருத்துவர் குறித்துக்கொள்வர். அறிமுகமில்லாத அறையில் அஞ்சி ஒடுங்கும் குழந்தை, தன் வீட்டிலே தன் இயல்பில் இருத்தல் இம்முறையின் நன்மை.

வளர்ந்தோர்க்கு உளவளத்துணை அளித்தலிலும் சில நன்மை உண்டு. பேருந்தின் நெரிசலும், காத்திருப்பு மண்டபத்தின் ஒளியும் ஓசையும் ஓட்டிசமுடையார் சிலருக்குத் தாங்கொணாதவை. அவர் வீட்டிலிருந்தே பேசலாம். முகம் நோக்கிப் பேசுதல் அரிதாயின் படக்கருவியை மூடிவிட்டுக் குரலால் மட்டும் பேசலாம். அதுவும் அரிதாயின் எழுத்தாலே உரையாடலாம். சிலருக்குத் திரையே களைப்பைத் தருவதும் உண்டு. ஆதலின் எது ஏற்றதென்பதை அவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. திரையில் ஒருவர் முகத்தை நோக்கினால் படக்கருவியை நோக்கார். படக்கருவியை நோக்கினால் முகத்தை நோக்கார். ஆதலின் தம்மோடு பேசுபவர் கண்ணைப் பார்க்கின்றாரா என்பதை மதிப்பிடுவோர் திரையிலே துணிதல் இயலாது. அழைத்தாற் குழந்தை திரும்பாமைக்குக் காது கேளாமையும் காரணமாகலாம்; செவிப்புலன் சோதனை நேரிலேயே நடைபெறல் வேண்டும். வலிப்பு முதலியன உண்டோ என ஆராய்வதும் அவ்வாறே. ஒரே அறையில் அனைவரும் உறங்கும் வீட்டில், மனத்திலுள்ளதைப் பிறர் செவிப்படாது பேசுதற்கு இடம் ஏது? உளவளத்துணையாளர், தம்மோடு பேசுபவர் அந்நேரம் எங்கிருக்கின்றார், இடர் நேர்ந்தால் அருகில் உதவுவார் யார் என்பனவற்றை முதலிலேயே கேட்டு வைத்தல் இன்றியமையாதது. திரையில் ஐயம் தீராதவிடத்து நேரிற் காணுதலே முறை.

எல்லையுட் பெரியது மொழி. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா முதலியோர், 18 முதல் 24 மாதம் வரையான இலங்கைக் குழந்தைகளிடையே நடத்திய ஆய்வொன்றை 2009 இல் வெளியிட்டனர். 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் அங்குக் காணப்பட்டது. மேனாட்டிற் பயன்படும் வினாக்கொத்தோ அக்குழந்தைகளுட் பலரைக் கண்டுகொள்ளத் தவறியது. பின்னர் அப்பேராசிரியரும் உடனாய்ந்தோரும் சொற்களோடு நிழற்படங்களையும் சேர்த்து, தாய்மார் பார்த்தே விடை கூறத்தக்க கருவியொன்றை ஆக்கி 2017 இல் வெளியிட்டனர். தேங்காய் வாங்கச் சென்ற பிள்ளையின் கதையை நேரிற் கேட்ட எனக்கு இதன் அருமை நன்கு விளங்குகின்றது. வாசிப்பிடரை அறிதலிலும் இவ்வுண்மை பொருந்தும். வீட்டிற் பேசும் தமிழ் வேறு, ஏட்டில் எழுதும் தமிழ் வேறு. லகர ளகர ழகரமும், ரகர றகரமும், னகர ணகரமும் நம் நாவில் வேறுபாடு குன்றி எழுத்திலே வேறுபட்டு நிற்கின்றன. தமிழ்ப் பிள்ளை "பள்ளி" என்பதைப் "பல்லி" என எழுதினால் அது எல்லாப் பிள்ளைக்கும் உரிய வழுவோ, வாசிப்பிடரின் குறியோ என்பதை ஆங்கிலத்துக்கென ஆக்கிய தேர்வு எங்ஙனம் உணர்த்தும்? கற்பிக்கும் தமிழாசிரியனே அதனைச் சொல்ல வல்லவன்.

ஆதலின் உடன்பணி புரியும் ஆசிரியர்க்கு ஒன்று கூற விழைகின்றேன். நோய்க்குப் பெயர் சூட்டுதல் நம் தொழில் அன்று. அதற்கு நாம் பயிற்றப்பட்டோமும் அல்லோம். கண்டதை எழுதுதல் நம் தொழில். "கவனமில்லை" என்பதற்கு மாறாக, "பத்துச் சொற்களுள் நான்கே எழுதுகின்றான்; வாயாற் கேட்டாற் பத்தும் சொல்கின்றான்" என எழுதலாம். "குழப்படி" என்பதற்கு மாறாக, "பத்து நிமிடத்தில் எழுந்து நடக்கின்றான், கரும்பலகை துடைக்க விட்டால் மீண்டு வந்து அமர்கின்றான்" எனலாம். "எவரோடும் சேரான்" என்பதற்கு மாறாக, "மணியோசைக்குக் காதைப் பொத்துகின்றான், பேருந்து இலக்கங்களைப் பற்றிக் கேட்டால் நெடுநேரம் பேசுகின்றான்" எனலாம். இவ்வாறு எழுதுதற்கு இரண்டு வரி மிகுதியாய் வேண்டும், அவ்வளவே. என்றேனும் ஒருநாள் எங்கோ இருக்கும் மருத்துவர் ஒருவர், அவ்விரண்டு வரியின் வழியாக நம் வகுப்பறைக்குள் வந்து அப்பிள்ளையைக் காண்பார். "சோம்பல்" என்னும் சொல்லோ கதவைச் சாத்திவிடும்.

டொனால்டின் பிற்கால வாழ்வையும் கூறி முடிக்கின்றேன். அவன் சிறுவனாயிருக்கையிற் கமத்திலே வாழ்ந்த கணவன் மனைவி இருவரிடம் வளர விடப்பட்டான். அவன் எதனையும் அளந்துகொண்டும் எண்ணிக்கொண்டும் இருத்தலை அவர்கள் தடுத்தாரல்லர். கிணறு தோண்டி அதன் ஆழத்தை அளந்து சொல்லச் செய்தனர். சோள வரிசைகளை எண்ணும் விருப்பைக் கண்டு, உழுதுகொண்டே எண்ண விடுத்தனர். பின்பு அவர் 1958 இற் பட்டம் பெற்று, தம் ஊர் வங்கியிற் பணிபுரிந்து, உலகின் பல நாடுகளையும் சுற்றிக் கண்டு, 2023 இல் 89 ஆவது வயதிற் காலமானார். மருத்துவர் பெயர் சூட்டினார். வாழ்வை அமைத்துக் கொடுத்தவர்களோ அருகிருந்து பார்த்தவர்கள்.

என் பழைய மாணவரின் மதிப்பீடும் முடிந்தது. கவனக்குறை மிகையியக்கம் என்பதே முடிவு. தொலைபேசியிலே அதனைச் சொன்னவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்ப நான் சோம்பேறி இல்லைத்தானே, சேர்?" என்று கேட்டார். முப்பது வயது கடந்த ஒருவர், தம் பன்னிரண்டாம் வயதில் யான் எழுதிய ஒரு சொல்லை என்னிடமே கேட்டார். "இல்லை, தம்பி. பிழை என்னுடையது" என்றேன். அதனை அவருடைய அறிக்கையிலே திருத்தி எழுத இனி இயலாது. ஆதலின் இம்மலரிலே எழுதி வைக்கின்றேன். விழாக் காணும் நம் கல்லூரி நீடு வாழ்க. அதன் கடைசி வாங்கில் இருப்போரும் உடன் வாழ்க.